பயணத்தின் நோக்கம்: பெண் கொடுத்தல்

போன பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு சிங்கப்பூருக்குப் போய் வந்தோம். ஜொகூர் பாரு சாவடிக்குள் நுழையும்போதே எனக்கு வழக்கம்போலப் பழைய பயம் வந்துவிட்டது. பாஸ்போர்ட்டை எடுத்துப் பக்கத்தை விரித்து, நடுவில் பெருவிரலைக் கொடுத்து, கேட்ட மாத்திரத்தில் நீட்டுகிற தயார் நிலையில் நடந்தேன். மகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "அத உள்ள வைங்கப்பா. கியூஆர் போதும்லா." கைப்பேசியை ஒரு கண்ணாடிக்கு நேரே காட்டினாள். டிங் என்றது, தடுப்பு விலகியது. என் கைப்பேசியிலும் அவளே ஏதோ பதிந்து வைத்திருந்தாள். காட்டினேன். எனக்கும் விலகியது.

பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கமும் இதே கூத்துதான். எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய், எப்போது திரும்புவாய் என்று ஒரு மனிதர் கேட்கவில்லை. அறுபதைத் தொட்ட ஆள் நான். அக்கா வீட்டுக்குப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவேன் என்பதை மலாயில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை பேருந்திலேயே முணுமுணுத்துப் பார்த்து வைத்திருந்தேன். மனப்பாடம் செய்த பாடத்தில் கேள்வியே வராத பரீட்சைபோல ஆகிவிட்டது. ஏமாற்றம் என்று சொல்ல மாட்டேன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரிதான் இருந்தது.

கூடத்தின் ஓரத்தில் ஒரே ஒரு கவுண்டரில் மட்டும் ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். இயந்திரம் ஏற்றுக்கொள்ளாத யாருடைய புத்தகத்திலோ 'டப்' என்று சாப்பு அடித்தார். சாப்பு என்றால் முத்திரை. எங்கள் பக்கத்தில் முத்திரை என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை. அந்தச் சத்தமும், கூடவே வந்ததாக நான் நினைத்துக்கொண்ட மை வாசனையும் என்னை அப்படியே கோலசிலாங்கூர் தோட்டத்து ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டன.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தோட்டத்தில் சின்னக் கிராணி வேலை. கணக்குப்பிள்ளை என்றால் உங்களுக்குப் புரியும். பெரிய கிராணி வெளியே போயிருந்தால் சாப்பு என் பொறுப்பில் இருக்கும். அடிக்க வேண்டிய தாளிலும் அடிப்பேன், வேண்டாத தாளிலும் அடிப்பேன். சீட்டு வாங்க வந்த ஒரு கங்காணியின் மகனுக்குப் புறங்கையில் அடித்து அனுப்பியதும் உண்டு. சாப்பு அடித்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று நம்பிய வயது. மலாய்ப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் வேறு. லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். நானும் தலையை நிமிர்த்திக்கொண்டு எழுதிக் கொடுப்பேன். இந்தத் தலைக்கனம்தான் பின்னால் சந்திக்கு வந்தது.

அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். நீண்ட கம்பின் நுனியில் கொக்கி மாட்டி, அண்ணாந்து பார்த்து, ஒரே இழுப்பில் குலையைக் கீழே தள்ளுவார். தோட்டத்தில் அவருக்கு 'கொக்கி' மாணிக்கம் என்றே பெயர். அவரிடம் இருந்தது சிவப்பு ஐசி. ஐசி என்பது அடையாள அட்டை. நீலம் என்றால் குடிமகன். சிவப்பு என்றால் இங்கேயே இருந்துகொள்ளலாம், ஆனால் இந்த நாட்டுக்காரன் இல்லை. எந்த நாட்டுக்காரன் என்று கேட்டால் அதற்கும் பதில் கிடையாது. ஏழு வயதில் கப்பலில் வந்தவர். வந்ததற்கான தாளைக் கறையான் தின்றுவிட்டது.

அம்மாவுக்கு நீலம். சுங்கை ஆயர் தாவாரில் தென்னந்தோட்டத்தில் பிறந்தவர், பிறப்புப் பத்திரம் பத்திரமாக இருந்தது. ஆக, எங்கள் வீட்டு மரப்பெட்டிக்குள் ஒரே கைக்குட்டையில் இரண்டு நிறமும் சுற்றிக் கிடக்கும். அப்பாவோடு அதே கப்பலில் வந்த பெரியப்பா கெர்லிங்கில் இருந்தார். அவருக்கும் நீலம்தான். அது எப்படி என்று கேட்பீர்கள். குடியுரிமைக்குப் பெயர் பதிந்த நாளில் பெரியப்பாவுக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகாமல் வீட்டில் கிடந்தவர், போர்வையைப் போர்த்திக்கொண்டே போய்ப் பதிந்துவிட்டு வந்தார். அப்பாவுக்கு உடம்பு நன்றாக இருந்தது. வேலைக்குப் போய்விட்டார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் லீவு கொடுக்கவில்லை. நோயாளி குடிமகன் ஆனார், வேலைக்குப் போனவர் ஆகவில்லை. இதைச் சொல்லி அம்மா வருஷத்துக்கு ஒரு தடவையாவது பெரியப்பாவைக் கிண்டல் செய்வார். அப்பா சிரிக்க மாட்டார்.

சரோஜா அக்கா சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ரேடியோவுக்குள் வைக்கிற சின்னச் சின்னப் பொருள்களை ஒட்டுகிற வேலை. அங்கேயே கப்பல் பட்டறையில் வேலை செய்த ஒருவரைப் பிடித்துப்போனது. நல்ல குடும்பம். இரண்டு பக்கமும் பேசி முடித்தாகிவிட்டது. ஒரே ஒரு சிக்கல். மாப்பிள்ளையின் தாயார் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. அவரைப் பாலம் கடத்திக் கொண்டுவர முடியாது. கல்யாணத்தை அங்கேதான் வைக்க வேண்டும்.

அம்மா போகலாம், நான் போகலாம், பெரியப்பா போகலாம். அப்பா போக முடியாது. போகவே முடியாது என்றும் இல்லை. பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக ஒரு பயணச் சான்றிதழ் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். அதைவிடப் பெரிய பயம், போனால் திரும்பி வர விடுவார்களா என்பதுதான். எங்கள் லயத்தில் ஒரு கதை உலவியது. சிவப்பு ஐசிக்காரர் ஒருவர் சிங்கப்பூர் போனாராம். அவர்களும் உள்ளே விடவில்லை, இவர்களும் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை, பாலத்து நடுவிலேயே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாராம். யார் அவர், எந்தத் தோட்டம் என்று நான் எவ்வளவோ விசாரித்துப் பார்த்துவிட்டேன். பெயர் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் கதையை நம்பாத ஆள் ஒருவரும் இல்லை.

பெரியப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, தயங்கித் தயங்கிச் சொன்னார். "நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காத மாணிக்கம். நானும் உங்க அண்ணியும் நின்னு தாரை வார்த்துக் குடுத்துர்றோம். பொண்ணு யாரு, நம்ம பொண்ணுதான?"

அப்பா டீயைக் குடித்து முடித்தார். கிளாசைக் கீழே வைத்தார். "நான் உயிரோடதான்ணே இருக்கேன்" என்றார். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அன்றைக்கே முடிவாகிவிட்டது. எழுதிக் கேட்பது, கிடைத்தால் போவது. எழுத வேண்டிய ஆள் நான்.

படம் எடுக்கக் கோலசிலாங்கூர் டவுனுக்குப் போனோம். ஸ்டுடியோக்காரர் அப்பாவின் நெற்றித் திருநீற்றைத் துடைக்கச் சொன்னார். துடைத்தார். கோட்டு ஒன்றைக் கொடுத்துப் போடச் சொன்னார். போட்டார். கழுத்தில் டை கட்ட வந்தபோது மட்டும் அப்பா பின்னால் சாய்ந்து, "தூக்குல போடப் போறீங்களாய்யா?" என்று கேட்டார். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பெரிய கிராணி போடுவது போன்ற கோட்டுக்குள் நுழைந்த குலை வெட்டுக்காரர், கேமராவைப் பார்த்துப் பயப்படாமல் இருக்க முயற்சி செய்கிறார்.

பாரத்தை, அதாவது விண்ணப்பப் படிவத்தை, வீட்டில் சாப்பிட உட்காருகிற பலகை மேல் விரித்து நிரப்பினேன். பெயர், வயது, தோட்டம், எல்லாம் எளிது. 'பயணத்தின் நோக்கம்' என்ற இடத்தில் நின்றேன். "எதுக்குப் போறீங்கன்னு கேக்குறாங்கப்பா, என்னா எழுத?"

அப்பா யோசிக்கவே இல்லை. "பொண்ணு குடுக்கப் போறேன்னு எழுது."

எழுதினேன். நல்ல மலாயில், எழுத்துப் பிழை இல்லாமல், கிராணி கையெழுத்தில் எழுதினேன். 'சிங்கப்பூரிலுள்ள ஒரு குடும்பத்திற்குப் பெண் பிள்ளையைக் கொடுப்பதற்காக.' தமிழில் படித்தால் இதில் ஒரு தப்பும் இல்லை, கவனியுங்கள். பெண் கொடுக்கிறோம், பெண் எடுக்கிறோம், நமக்கு அது கல்யாணம். மலாயில் அப்படிச் சொல்வது இல்லை. மலாயில் பிள்ளையைக் கொடுப்பது என்றால் பிள்ளையைத் தூக்கிக் கொடுப்பதுதான். எவ்வளவு மதிப்பெண் வாங்கி என்ன, அது என் மூளையில் ஏறவில்லை. மடித்து உறையில் போட்டு, நாக்கால் ஒட்டி, நானே தபாலில் சேர்த்தேன்.

மூன்று வாரத்தில் குடிநுழைவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் நேரில் வர வேண்டும், சம்பந்தப்பட்ட பிள்ளையையும் அதன் பிறப்புப் பத்திரத்தையும் கொண்டுவர வேண்டும். நான் வாசித்துச் சொன்னேன். அம்மா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு அம்மாவின் முகம் தெளிந்தது.

"பொண்ணப் பாக்கணுமாம்லா" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. பெண்ணை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்கிறோம், கவர்மெண்டு ஒரு பார்வை பார்க்க ஆசைப்படுகிறது. தபால்காரர் மனைவியிடம் அம்மா இதைப் பெருமையாகவே சொல்லிவிட்டார். அக்காவுக்கு ஆள் மூலம் சேதி சொல்லி அனுப்பி, இரண்டு நாள் லீவில் வரச் சொன்னோம். வந்த பிள்ளைக்கு அம்மா அரக்குப் பட்டுச் சேலையைக் கட்டிவிட்டு, தலை நிறைய மல்லிகை வைத்து, கழுத்தில் இருப்பதையெல்லாம் போட்டுவிட்டார். காலை பஸ்ஸில் கிளம்பினோம். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் எங்களைத்தான் பார்த்தார்கள். கல்யாணம் எந்தக் கோயிலில் என்று ஒரு பாட்டையா கேட்டே விட்டார். "கோயில் இல்லைங்க, இமிகிரேஷன்" என்றேன்.

அங்கே எங்களை உள்ளறைக்குக் கூப்பிட்டவர் நடுத்தர வயது மலாய் அம்மா. தடித்த கண்ணாடி, கடுகடுப்பான முகம். மேசையில் என் கையெழுத்தோடு பாரம் கிடந்தது. நோக்கத்தின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

"மானா புடாக்?" என்றார். பிள்ளை எங்கே?

அப்பா அக்காவைக் கை காட்டினார். "இனிலா பூவான்." இதோ இவள்தான், அம்மணி.

அவர் எழுந்து, அக்காவின் முந்தானைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே பிள்ளை இல்லை. அறைக்கு வெளியேயும் பார்த்துவிட்டு வந்தார். எத்தனை வயது என்று கேட்டார். இருபத்து நான்கு என்றார் அப்பா. அந்த அம்மா அக்காவின் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, பயப்படாமல் சொல் என்கிற தோரணையில் கேட்டார். உன் அப்பா உன்னை வேறு யாருக்கோ கொடுக்கப் போகிறாராமே, உனக்குத் தெரியுமா?

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். கால் பெருவிரலால் தரையைக் கீறினாள். "தெரியும்" என்று மலாயில் சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் சம்மதம்தான்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒரு கணத்தில் என் மலாய் மதிப்பெண் முழுவதும் என் கண் முன்னால் கரைந்து போயிற்று. "கல்யாணம் பூவான், கல்யாணம்!" என்று தமிழில் கத்தி, அப்புறம் "கஹ்வின், கஹ்வின்" என்று மலாயில் கத்தினேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். அக்காவின் பட்டுச் சேலையைப் பார்த்தார், மல்லிகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மேசையில் கை ஊன்றிச் சிரித்தார் பாருங்கள், பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்துவிட்டார்கள். தத்துக் கொடுக்கும் கேஸ் என்று நினைத்து மூன்று வாரமாக இதற்கு ஒரு தனிக் கோப்பே போட்டிருந்தாராம். அவர் செய்ததில் தப்பே இல்லை. எல்லை தாண்டி ஒரு பிள்ளையைக் கொடுக்கிறேன் என்று எவனோ எழுதியிருந்தால் ஒரு நாடு நாலு கேள்வி கேட்கத்தான் வேண்டும். கேட்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு, அப்பாவின் சிவப்பு அட்டையைக் கையில் எடுத்தார். முகம் மாறிவிட்டது. கடுமை இல்லை, ஆனால் சிரிப்பும் இல்லை. போனால் திரும்பி வருவாயா என்று கேட்டார். அங்கேயே மகள் வீட்டில் தங்கிவிட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பது என்றார்.

இந்தக் கேள்விக்கு என்ன சான்று காட்டுவது? வீடு தோட்டத்துடையது, நிலம் கிடையாது, நாடும் இல்லை. அப்பா மட்டும் சாதாரணமாக, தோட்டத்து மலாயில் சொன்னார். "காமிஸ் சாயா புஞா புவா மாசாக், பூவான்." வியாழக்கிழமை என் நெரையில், நான் வெட்டுகிற மரவரிசையில், குலை பழுத்துவிடும், அம்மணி.

அந்த அம்மாவும் கம்பத்துக்காரராக, கிராமத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும். வீட்டுப் பின்னால் நாலு செம்பனையாவது நின்றிருக்க வேண்டும். பழுத்த குலையை வெட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர் மாதிரித் தலையாட்டினார். நான் எழுதியதைக் குறுக்கே அடித்து, மேலே 'திருமணத்தில் கலந்துகொள்ள' என்று எழுதி, பக்கத்தில் சாப்பு அடித்தார். கல்யாணம் முடிந்த புதன்கிழமைக்குள் திரும்ப வேண்டும் என்று தேதி போட்டார். அந்தப் பக்கத்தில் கேட்டால் காட்டு என்று, அடித்துத் திருத்திய பாரத்தையே ஒரு நகல் எடுத்துச் சான்றிதழோடு சேர்த்துக் கொடுத்தார்.

சிங்கப்பூர் போகிற பஸ்ஸில் நான் அப்பாவை விடவில்லை. "மெங்ஹாதிரி மஜ்லிஸ் பெர்கஹ்வினான்." சொல்லுங்கள். திருமண நிகழ்ச்சியில் கலந்துகொள்ள. இன்னொரு தடவை சொல்லுங்கள். பொண்ணு குடுக்க என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள். மூவார் தாண்டுவதற்குள் அப்பாவுக்கு அந்த வாக்கியம் மந்திரம்போலப் பாடமாகிவிட்டது. அம்மாவும் கூடச் சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் பக்கத்துக் கவுண்டரில் ஒரு சிக்கலும் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை அங்கிருந்து எழுதி வாங்கி அனுப்பிய அனுமதிக் கடிதத்தையும், சான்றிதழையும், சிவப்பு அட்டையையும் வாங்கிக்கொண்டு, அப்பாவை ஓரத்து பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அம்மாவையும் பெரியப்பாவையும் முன்னால் அனுப்பிவிட்டு நான் கூட இருந்தேன். எங்கள் பஸ் போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது. மறுநாள் காலையில் முகூர்த்தம். எதிரே கண்ணாடி வழியாகப் பாலம் தெரிந்தது. அப்பா அதைப் பார்க்காமல் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்தில் உட்கார்ந்திருந்தவரின் கதைதான் அவர் மனதிலும் ஓடியிருக்கும். நான் கேட்கவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு பயந்து நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

கடைசியில் ஓர் இளம் அதிகாரி எங்கள் தாள்களோடு வந்தார். கறுத்து, உயரமாக, விறைப்பாக இருந்தார். என்ன காரியமாக வந்திருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா சட்டென்று எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்ட மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு, "மெங்ஹாதிரி மஜ்லிஸ் பெர்கஹ்வினான்" என்றார். ஓர் எழுத்துப் பிசகவில்லை.

அதிகாரி தாளைப் பார்த்தார். மேலே எழுதியிருந்ததைப் படித்தார். அதன் கீழே குறுக்கே அடித்திருந்த என் வரியையும் படித்தார். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. நிமிர்ந்து பார்த்துத் தமிழில் கேட்டார்.

"பொண்ணு குடுக்க வந்திருக்கீங்களா, ஐயா?"

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். இத்தனை மைல் இந்தச் சொல்லையா சொல்லாதே என்றாய் என்கிற பார்வை. பிறகு அவரைப் பார்த்து, "ஆமா தம்பி" என்றார். கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டார். "குடுத்துட்டுப் போயிர்றேன்."

டப்.

மறுநாள் அக்காவின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, அம்மா செம்பிலிருந்து தண்ணீர் விட, அப்பா தாரை வார்த்துக் கொடுத்தார். முள் கீறிக் கீறித் தழும்பேறிய கையில் தண்ணீர் வழிந்தது. மாப்பிள்ளையின் தாயாரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். நன்றாக வேலை செய்த ஒரு கையால் அட்சதை போட்டார். பத்திரிகைகளில் ஒரு நாடு தன் நிலத்தை இன்னொரு நாட்டுக்கு விட்டுக்கொடுத்தால் 'தாரை வார்த்துவிட்டார்கள்' என்று கோபமாக எழுதுவார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மணவறைதான் நினைவுக்கு வரும். நாடில்லாத ஒரு மனிதர், தன்னிடம் இருந்ததிலேயே பெரிய ஒன்றை பக்கத்து நாட்டுக்குக் கொடுத்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

செவ்வாய்க்கிழமையே திரும்பிவிட்டோம். ஜொகூர் கவுண்டரில் சான்றிதழைப் பார்த்து, அட்டையைப் பார்த்து, சாப்பு அடித்து, போகச் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். அப்பா நகரவில்லை. "முடிஞ்சிதா?" என்று என்னைக் கேட்டார். முடிந்தது என்றேன். வெளியே வந்து ஓரமாக நின்று, ஒரு நீண்ட மூச்சு விட்டார். ஊர் திரும்புகிற வழியெல்லாம் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். வியாழக்கிழமை காலை கொக்கியோடு நெரையில் நின்றார்.

அதற்குப் பிறகு அப்பா பல வருஷம் எல்லையைத் தாண்டவில்லை. அக்காவுக்குப் பிள்ளைகள் பிறந்தன, அவள்தான் தூக்கிக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போவாள். ஒரு கட்டத்தில் அக்கா அந்த நாட்டுக் குடிமகள் ஆனாள். இங்கே உள்ள நீல ஐசியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், கொடுத்தாள். சேதி வந்த அன்று அப்பா வழக்கத்தைவிட அதிக நேரம் குளித்தார். அம்மாதான் வாய்விட்டுச் சொன்னார். "அப்பாவுக்குக் குடுக்காதத அவ போயி திருப்பிக் குடுக்குறா பாரு." யார் மேலும் கோபமில்லை. இரண்டு வீட்டுச் சாவியையும் ஒருத்தி வைத்துக்கொள்ள விட மாட்டார்கள் என்று எங்களுக்கும் தெரியும்.

நான் எல்லையே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை. புக்கிட் செந்தோசாவில் என் வீட்டு முன்கதவைத் தினம் இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். வீடு என்றால் கதவு இருக்கும், நாடு என்றாலும் இருக்கும். கதவுக்குப் பின்னால் நிற்பவர் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால் போதும் என்பதுதான் என் கட்சி.

தோட்டம் இப்போது இல்லை. லயத்தை இடித்துவிட்டார்கள், அப்பாவின் நெரை இருந்த இடத்தில் வரிசையாக மாடி வீடுகள். சிவப்பு ஐசியைப் பார்த்தே இராத பிள்ளைகள் அங்கே சைக்கிள் ஓட்டுகிறார்கள். நானும் அம்மாவும் அன்றைக்குக் காட்டிய, சிங்கப்பூருக்கு மட்டும் செல்லும் சின்னப் பாஸ்போர்ட்டும் போய்விட்டது. அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிய பிறகு, எத்தனையோ விண்ணப்பத்துக்குப் பின்னால், நீல ஐசி கிடைத்தது. பழையதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உடனே பாஸ்போர்ட்டும் எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டதற்குப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

ஒரு நாள் விடிந்ததும் வெளியே போனவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. கோயில், கடை, பஸ் நிற்கும் இடம் என்று நான் புக்கிட் செந்தோசா முழுக்க மோட்டார் சைக்கிளில் சுற்றினேன். அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம் போன் வந்தது. அக்கா பேசினாள். "தம்பி, அப்பா இங்க இருக்காருடா. கையில ஒரு கைலிய மட்டும் சுருட்டிக்கிட்டு, தன்னந்தனியா வந்து கதவத் தட்டுறாரு!"

அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். எனக்குக் கோபமான கோபம். "என்னாப்பா இது, சொல்லாம கொள்ளாம? கவுண்டர்ல ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டான். எதுக்கு வந்தேன்னு கேட்டான்."

"என்னா சொன்னீங்க?"

"சும்மான்னேன்."

"அதுக்கு?"

"சாப்பு அடிச்சிட்டான்" என்றார். அந்தப் பக்கம் அக்கா சிரிப்பது கேட்டது. அப்பாவும் சிரித்தார்.

அப்பா போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிறது. இப்போது அந்தக் கேள்வியும் போய்விட்டது. கேட்க ஆளில்லை, அடிக்கச் சாப்பில்லை. எனக்கு அதில் துளி வருத்தமும் கிடையாது. அந்தக் கேள்வி போவதற்கு முன்னால் அப்பாவிடம் ஒரு தடவை 'சும்மா' என்ற சரியான பதிலை வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறது.